கூரையில்லாக் கோயிலுக்கு ஒரு நேர்த்தி

றெஜினா அக்கா செருப்பைக் கழற்றிக் கைப்பைக்குள் வைத்த பிறகுதான் படகில் கால் வைப்பார். தீவு இன்னும் கண்ணில் படவேயில்லை. "காலுக்குக் குளிர் பழகோணும், பிள்ளை," என்கிறார் என்னிடம்.

அயர்லாந்தில் ஒரு ஏரித்தீவு. எண்ணூறு வருஷத்துக்கு முன் துறவிகள் கட்டிய மடம் அங்கே இடிந்து கிடக்கிறது. கூரை இல்லை, பீடம் இருந்த இடத்தில் புல். இருந்தும் சனம் வந்து வெறுங்காலோடு மூன்று முறை சுற்றுகிறது. அமெரிக்காவில் சான் ஹோசேயிலிருந்து எங்கள் பங்குக் குழுவும் வருஷா வருஷம் போகிறது.

அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை வேலை. நேர்த்தி விஷயத்தில் மகா கறார். போன வருஷம் குளிர் தாங்காமல் சாக்ஸோடு நடந்த எங்கள் குழு ஸ்வர்ணாவைப் பாதிவழியில் மறித்தார். "வெறுங்கால் எண்டா வெறுங்கால்தான். மாதாவுக்குச் சாட்டுச் சொல்லேலாது." பாவம், ஸ்வர்ணா முதலிலிருந்து சுற்றினாள்.

காரணம் இல்லாமல் இல்லை. ஐந்து வருஷத்துக்கு முன் இந்த மடத்துச் சுவரருகே நின்றபோதுதான் போன் வந்தது. மகன் சயந்தனின் கார் ஃப்ரீவேயில் நசுங்கிவிட்டது. அக்கா அங்கேயே முழந்தாளிட்டார். "அவன் எழும்பினா ரெண்டு பேருமா வெறுங்காலோட மூண்டு தரம் சுத்துவம், தாயே." சயந்தன் எழுந்தான். ஆனால் இடது முழங்காலுக்குக் கீழே ஒன்றும் மிஞ்சவில்லை.

அன்றிலிருந்து அக்கா ஃப்ரீவேயில் ஏறுவதில்லை. வேலைக்கு உள்தெருக்களாலேயே காரை உருட்டிப் போகிறார். தீவுக்கும் மகனில்லாமல்தான் வந்தார். செயற்கைக் காலை நாலு பேர் பார்க்கக் காட்ட அவனுக்கு மனமில்லை. "நான் சுத்துறது அரைவாசி நேர்த்தி. மிச்சம் அவன்ர தலையில எல்லோ நிக்குது," என்பார்.

இந்த வருஷம் சயந்தன் வந்துவிட்டான். சுவரோரம் ஒரு கல்லில் உட்கார்ந்து வலது ஷூவைக் கழற்றினான். பிறகு இடது ஷூவின் நாடாவை அவிழ்த்தான். அந்தச் செயற்கைக் கால், ஷூவின் குதி உயரத்துக்கு அளவெடுத்துப் பொருத்தியது. ஷூ போனால் ஆள் பின்னால் சாய்வான். தரையெல்லாம் இடிந்த கல்.

"ஐ கேன் டூ இட், அம்மா," என்றான்.

அக்கா அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து அவன் கையை விலக்கிவிட்டு, அந்த நாடாவை இழுத்து இரட்டை முடிச்சாகப் போட்டு இறுக்கினார்.