மஞ்சள் துணியில் சரிகை

என் மகளுக்கு ஏழு மாதம் நடந்துகொண்டிருந்தபோது, அவளுடைய துணிகளைவிட அதிகம் பயந்து பயந்து நான் துவைத்தது ஆறு கார் துடைக்கும் துணிகளைத்தான்.

என் கணவர் ஆரணியில் ஒரு பட்டுக்கடை முதலாளியிடம் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். இரண்டாயிரம் பிறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. முதலாளி கறுப்பு நிறத்தில் புது வண்டி வாங்கினார். சிங்கப்பூரில் இருந்த அவருடைய மருமகன் அதற்கென்று மைக்ரோஃபைபர் துணிகளைக் கொடுத்தனுப்பினார். மூன்று நீலம், மூன்று மஞ்சள். கூடவே ஆங்கிலத்தில் ஒரு சீட்டு. கணவர் அதை என்னிடம் நீட்டினார்.

"காலேஜ் படிச்சவ நீதான். இன்னா போட்டுக்குதுன்னு பார்த்துச் சொல்லு."

மற்ற துணிகளோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது. கொதிக்கும் நீர் கூடாது. துணியை மிருதுவாக்க ஊற்றுகிற வாசனைத் திரவம் கூடாது. ப்ளீச்சிங் பவுடர் கூடாது. இஸ்திரி கூடாது. நிழலில் காயவைக்க வேண்டும். இத்தனை கூடாதுகளை அவர் தலையில் எப்படி ஏற்றுவது? கறுப்பு வண்டியில் மயிரிழைக் கீறல் விழுந்தாலும் வெயிலில் தெரிந்துவிடும் என்று முதலாளி வேறு எச்சரித்திருந்தாராம். துவைக்கும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

மாமியாருக்கு இது பெரிய வேடிக்கை. அவர் எங்கள் வீட்டுத் தறியில் அதே முதலாளிக்குப் புடவை நெய்துகொண்டிருந்தார். எங்கள் போர்வெல் தண்ணீர் உப்பு என்பதால், ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிற குழாய்த் தண்ணீரில் ஒரு வாளியை இந்தத் துணிகளுக்கென்று ஒதுக்கி, வெதுவெதுப்பாக்கி, மகளைக் குளிப்பாட்டும்போது செய்வதுபோல முழங்கையை விட்டுச் சூடு பார்ப்பேன். சோப்பு நுரை முழுதாகப் போகும்வரை நான்கு முறை அலசுவேன். கல்லில் அடிக்க மாட்டேன், முறுக்கிப் பிழிய மாட்டேன்.

"இன்னாடி இது, காருக்குப் பொறந்த கொழந்தயா?" என்பார் மாமியார்.

"சீட்டுல அப்படித்தான் போட்டுருக்கு அத்தே."

"சீட்டு எழுதினவன் வந்து தண்ணி புடிச்சுக் குடுப்பானா?"

ஆனால் அவரும் ஒருநாள் ஒரு துணியை வாங்கி விரலால் நீவிப் பார்த்தார். நூலிழுத்து நூலிழுத்துச் சொரசொரத்துப் போன அவருடைய விரல்களை அது விடாமல் பற்றிக்கொண்டது. "பட்டும் இல்ல, பருத்தியும் இல்ல. கையப் புடிச்சு இழுக்குது பாரு, கடன்காரனாட்டம்" என்று உதறிவிட்டு எழுந்து போனார். அந்தப் பிடிக்கும் குணம்தான் பின்னால் என்னை மாட்டிவைத்தது. அன்று நான் சிரித்தேன்.

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. நிழலிலும் காய வேண்டும், நனையவும் கூடாது என்றால் எங்கள் வீட்டில் ஒரே இடம் தறி இருக்கும் அறைதான். அங்கே கொடி கட்டித் துணிகளைப் போட்டேன். அதற்குக் கீழே பாயை விரித்து, நெய்து இறக்கிய புடவையின் பின்பக்கத்தில் தொங்கும் சரிகை நுனிகளை மாமியார் கத்தரித்துக்கொண்டிருந்தார். அவர் எழுந்துபோன பிறகு, சிணுங்கும் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒற்றைக் கையால் துணிகளை இழுத்து அதே பாயில் போட்டு மடித்தேன். நீலத் துணியில் ஒட்டிய நூல்கள் கண்ணுக்குத் தெரிந்தன. ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். மஞ்சளில் எதுவும் தெரியவில்லை. அந்த அறையில் ஒரே ஒரு மங்கல் பல்பு. சுத்தமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து, மதியம் சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே கணவர் வீட்டுக்கு வந்துவிட்டார். தட்டு வைத்தேன். உட்காரவில்லை.

"பானெட்டு மேல வட்டம் வட்டமா கோடு. மொதலாளி வெயில்ல வண்டிய நிக்க வெச்சுப் பார்த்துட்டாரு."

"இன்னா சொன்னாரு?"

"கத்தல. கத்தியிருந்தா தேவல. சாவிய வாங்கிகினாரு. நாளைக்கு வா, பேசிக்கலாம்னாரு." பிறகு தன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என் கை இவ்ளோ மோசமாவா இருக்குது?"

எனக்கு அந்தக் கேள்விதான் தாங்கவில்லை. மகளைக் குளிப்பாட்டித் துவட்டும்போது அவள் சிணுங்காத அளவுக்கு மென்மையான கை அது. நான் துவட்டினால்தான் வீறிடுவாள்.

அவர் கொண்டுவந்த மஞ்சள் துணியை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன். மழை விட்டுச் சுள்ளென்று வெயில் அடித்தது. துணியை விரித்துச் சாய்த்துப் பிடித்ததும் அங்கங்கே மினுங்கியது. அரிசி முனை அளவுக்குச் சரிகைத் துண்டுகள், இழைகளுக்குள் நன்றாகப் புதைந்து. நகத்தால் நெம்பியும் சில வரவில்லை.

சொன்னால் அவர் என்ன நினைப்பார்? சொல்லாவிட்டால் தன் கையைத்தானே குறை சொல்லிக்கொண்டிருப்பார்? சரிகை நறுக்கியது மாமியார் என்று பேச்சு அவர்மேல் திரும்பிவிட்டால்? அவரா என் துணியை அந்தப் பாயில் போடச் சொன்னார்? படித்தவள், சீட்டில் இருப்பதை எழுத்துக்கு எழுத்து செய்தவள், சீட்டில் இல்லாத ஒன்றை யோசிக்கவில்லை. அடுத்த வேலை கிடைக்கும்வரை என்ன செய்வோம் என்பதுவரை மனம் ஓடிவிட்டது. பத்து நிமிடம் அங்கேயே நின்றிருப்பேன். பிறகு உள்ளே போய்த் துணியைக் காட்டிச் சொல்லிவிட்டேன்.

அவர் ஒரு துண்டைப் பிய்த்தெடுத்து விரல் நுனியில் வைத்துப் பார்த்தார். திட்டவில்லை. "சரி, வுடு. மொதலாளி கிட்ட உன் பேரு வேணாம்" என்றார்.

"நான் வருவேன்."

"நீ எதுக்கு?"

"வருவேங்க."

மறுநாள் காலை மகளைத் தூக்கிக்கொண்டு அவரோடு முதலாளி வீட்டுக்குப் போனேன். வாசலில் கறுப்பு வண்டி நின்றது. அதன் பக்கம் நான் திரும்பவே இல்லை. முதலாளி செய்தித்தாளை மடித்து வைத்தார். வழியெல்லாம் மனப்பாடம் செய்த நான்கு வாக்கியங்களில் இரண்டு மறந்துவிட்டன. துணியை நீட்டி, "நான் தறி ரூம்ல போட்டுட்டேங்க, சரிகை ஒட்டிக்கிச்சு, இவர் மேல தப்பு இல்லீங்க" என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

அவர் துணியை வெயிலுக்குக் காட்டினார். சரிகையைப் பார்த்ததும் அவருக்குக் கார் மறந்துபோயிற்று என்று நினைக்கிறேன். ஒரு துண்டை எடுத்து நகத்தால் சுரண்டி, "நாம குடுத்த சரிகதான்" என்றார். "பச்சப் புடவயா? முடிஞ்சிடுச்சா?"

"நெஞ்சு முடிஞ்சிடுச்சுங்க. இன்னும் கொஞ்சம் நுனி நறுக்கணும்."

அப்போது என் கணவர் தொண்டையைச் செருமினார். "மொதலாளி, என் மேலயும் தப்பு இருக்குது. அன்னிக்கு வண்டி மேல தண்ணி ஊத்தல. புழுதியோட அப்படியே தொடச்சிட்டேன். கொழந்தைக்கு ஊசி போட்டு ஒடம்பு சுட்டுகினு இருந்திச்சு. தூக்கி வெச்சிருந்ததுல லேட்டாயிடுச்சு."

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். இதை அவர் என்னிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை.

"இல்லீங்க, சரிகையாலதான்" என்றேன்.

"நீ சும்மா இரு. புழுதியாலதான் மொதலாளி."

"இன்னாய்யா இது பேஜாரு!" முதலாளி இரண்டு கைகளையும் தூக்கினார். "தப்பு பண்ணா அடுத்தவன் தலயில போடுவானுங்க. நீங்க புருசனும் பொண்டாட்டியும் எனக்கு உனக்குன்னு அடிச்சிக்கிறீங்க. கோடு என் வண்டியிலய்யா இருக்குது!"

மகள் என்ன புரிந்துகொண்டாளோ, அவருடைய தூக்கிய கைகளைப் பார்த்துச் சிரித்தாள். கொஞ்ச நேரம் அவர் வண்டியைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். பாலிஷ் போடுகிற இடம் வேலூரில் இருக்கிறதாம், அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். உள்ளே போய்ச் சாவியை எடுத்துவந்தார்.

"செய்யார் போவணும். ஜல்தி. மொதல்ல தண்ணிய ஊத்து."

கணவர் குழாயடிக்கு ஓடினார். நான் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இனி வேறு யாராவது துவைப்பார்களா என்று கேட்கவும் தயக்கம், கேட்காமல் எடுத்துப்போகவும் தயக்கம்.

"இன்னாம்மா நின்னுகினு இருக்கே? வீட்டுக்கு எடுத்துகினு போ. தறிப் பக்கம் மட்டும் காட்டாத."

வீட்டுக்குத் திரும்பும் வழியில் பின்னால் வந்து என்னைக் கடந்தது அந்த வண்டி. கண்ணாடிக்குப் பின்னால் கணவர் தலையை லேசாக ஆட்டினார். முதன்முதலாக அந்த பானெட்டை நன்றாகப் பார்த்தேன். வெயிலில் கோடுகள் தெரியத்தான் செய்தன. அவற்றில் எது என்னுடையது, எது அவருடையது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.