பஸ் பலகையில் பூசிய தார்

எல்லைத் தகராறு நடந்த காலத்தில் நான் எவ்வளவு பெரிய முட்டாளாக இருந்தேன் என்பதை யாரிடமும் சொன்னதில்லை. நகரியைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லிக் கத்திக்கொண்டு திரிந்தவர்களில் நானும் ஒருவன். ஒருநாள் காலை, நகரியில் நின்றிருந்த இரண்டு பஸ்களின் பலகைகளிலும் தெலுங்கு எழுத்தை மட்டும் தார் பூசி அழித்தேன். நாட்டையே பிடித்துவிட்ட திமிர் எனக்கு.

காய்ச்சலில் துவண்ட குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு பெண் ஓடிவந்தாள்.

"அண்ணா, திருப்பதி பஸ் எது? ஆஸ்பத்திரிக்குப் போவணும்."

"பலகையில தமிழ்ல எழுதிகீது பாரு, படிச்சிக்கோ" என்றேன்.

"எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாதுண்ணா. எங்க ஊர் பள்ளிக்கூடத்துல தெலுங்குதான் சொல்லிக் குடுத்தாங்க."

"தமிழச்சியா பொறந்துட்டு இதைச் சொல்ல வெக்கமா இல்ல?" என்று அவளுக்கு நான் பிரசங்கம் செய்துகொண்டிருந்தபோதே திருப்பதி பஸ் கிளம்பிப் போய்விட்டது. அடுத்த பஸ் மத்தியானம்தான்.

அவள் திட்டவில்லை. குழந்தையை மடியில் கிடத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தவள், என் கையைப் பார்த்தாள். "மண்ணெண்ணெய் போட்டுத் தேச்சா தார் போயிடும்ணா" என்றாள்.

கையிலிருந்த தார் அப்படித்தான் போயிற்று. பிறகு எல்லை பிரித்தார்கள். நகரி ஆந்திராவிலேயே நின்றது. மொழிக்காகப் பாடுபட்டவன் என்று எனக்கு ஒரு கூட்டத்தில் சால்வை போர்த்தினார்கள். கூச்சமே இல்லாமல் வாங்கிக்கொண்டேன். அந்தக் குழந்தை பிழைத்ததா என்பது மட்டும் இன்றுவரை எனக்குத் தெரியாது.