பிரேக் பேர்ளி ஏறிய மேடு

பாரிசின் லா சப்பலில் கார் ஓடப் பழகிய தமிழர்களில் பேர்ளியிடம் ஏச்சு வாங்காதவர்கள் குறைவு. ரூ து ஃபொபூர் சேன்-தெனியின் வடக்கு முனையில், ஒரு நகைக்கடைக்கும் கோழிக்கடைக்கும் நடுவில் இருந்த சாரதிப் பள்ளியில் அவர் நீண்டகாலப் பயிற்றுநர். இங்கே எல்லாரும் ‘பெர்மி’ என்று சொல்லும் ஓட்டுநர் உரிமத்தை அவர் தயவில் எடுத்தவர்கள் கடை முதலாளி முதல் கோயில் ஐயர் வரை தெரு முழுக்க இருந்தார்கள். மனுசி நல்லவர்தான். ஆனால் காருக்குள் ஏறிவிட்டால் வாய் மூடாது, கால் பிரேக்கை விட்டு நகராது. முதுகுக்குப் பின்னால் அவருக்கு வழங்கிய பெயர் பிரேக் பேர்ளி. அப்படியொரு பெயர் இருப்பது தெரியாததுபோல அவர் நடந்துகொண்டார். உள்ளுக்குள் அது சுட்டது.

சுடாமல் என்ன செய்யும்? பயிற்சிக் காரில் ஸ்டியரிங் மாணவருக்கு முன்னால், இடப்பக்கம். பயிற்றுநருக்கு வலப்பக்க இருக்கை. அங்கே அவர் காலடியில் கிளச் ஒன்று, பிரேக் ஒன்று, அவ்வளவுதான். காரை நிற்பாட்ட அவருக்கு அதிகாரம் உண்டு, ஓட்ட இல்லை. காலையிலிருந்து மாலைவரை அடுத்தவன் விடும் பிழையை மிதித்து நிறுத்திவிட்டு, லெ பிளாங்-மெனில் வீட்டுக்கு ரயிலில் போவார். நாற்பத்தொன்பது வயதுவரை ஒரு காரை ஆசைக்கு என்று வேகமாக ஓட்டியதில்லை. இதை யாரிடமும் சொல்லி அழ முடியாது. சொன்னால் சிரிப்பார்கள்.

2014ஆம் ஆண்டு பனிக்காலத்தில் அந்தப் பள்ளிக்கு வெர்னன் என்ற அமெரிக்கர் வந்தார். வயது எண்பத்துநான்கு. மனைவி தெரேஸ் பாரிஸ்காரி. இத்தனை காலம் தெரேஸ்தான் ஓட்டினார், இப்போது அவருக்குக் கண் மங்கிவிட்டது. வெர்னனின் அமெரிக்க உரிமமோ எப்போதோ காலாவதியாகிவிட்டது, மாற்றிக்கொள்ள வேண்டிய காலத்தில் அவர் மாற்றவில்லை. ஆகவே பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு வாங்கில் குந்தியிருந்து முதலிலிருந்து படிக்க வந்திருந்தார். வேறெங்கும் போகாமல் ஏன் இங்கே வந்தார் என்று பேர்ளி கேட்டார். மற்றப் பள்ளிக்காரர்கள் தன் வயதைக் கேட்டதும் படிவமே தரவில்லை என்றார் கிழவர். இந்தப் பள்ளியில் வயதைக் கேட்கும் வழக்கம் இருக்கவில்லை.

முதல் பாடத்திலேயே கிழவர் நிறுத்தப் பலகை ஒன்றை நிற்காமல் தாண்டினார். பேர்ளி மிதித்த மிதியில் இரண்டு பேரும் முன்னால் போய் வந்தார்கள். அவர் ஏச வாய் திறக்கும் முன்பே, இவ்வளவு நல்ல பிரேக்கைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்று கிழவர் மனதாரப் பாராட்டினார். அதற்குமேல் என்னத்தை ஏசுவது?

அவர் ஒரு பழைய பந்தயக்காரர் என்பது அதன்பிறகுதான் தெரிந்தது. பந்தயக்காரர் என்றதும் பெரிய கம்பனி, பளபளப்பான கார் என்று எண்ண வேண்டாம். 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் நகரசபைத் தண்ணீர் விநியோகத்தில் வேலை பார்த்த இளைஞன் அவர். காசுள்ளவர்கள் ஐரோப்பாவிலிருந்து கார் இறக்கிப் பந்தயம் ஓடினார்கள். இல்லாதவர்கள் கொட்டிலுக்குள் தாங்களே செய்துகொண்டார்கள். நசுங்கிப்போன சின்னக் கார் ஒன்றின் இயந்திரம், போர் முடிந்தபின் எடைபோட்டு மலிவாக விற்ற விமானத் தகடு, உழவு யந்திரத்தின் விளக்கு என்று கண்ணில் பட்டதெல்லாம் காரானது. கைவிடப்பட்ட விமான ஓடுபாதையில் வைக்கோல் கட்டுகளை அடுக்கிவிட்டால் பந்தயத்திடல். வெள்ளிக்கிழமை வேலைக்குப் போன அதே காரை ஞாயிற்றுக்கிழமை பந்தயத்தில் ஓடி, திங்கட்கிழமை மறுபடி வேலைக்குக் கொண்டுபோவாராம்.

ஒருமுறை ஓட்டத்துக்கு முன் இயந்திர மூடியின் வார் அறுந்துவிட, இடுப்புப் பட்டியைக் கழற்றி மூடியைக் கட்டிக்கொண்டு ஓடியிருக்கிறார். மூன்றாம் பரிசு கிடைத்தது. ஒரு கையில் கோப்பையும் மறு கையில் காற்சட்டையுமாக மேடையில் நின்ற கதையை அவர் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் இன்னொரு நிறுத்தப் பலகை பின்னால் போனது. பேர்ளிக்கு ஒருபக்கம் ஆத்திரம், ஒருபக்கம் சிரிப்பு. உண்மையைச் சொன்னால், வாரத்தில் அந்த ஒரு பாடத்துக்காக அவர் காத்திருக்கத் தொடங்கியிருந்தார்.

அந்தக் கார் இன்னும் இருந்தது. தெரேசோடு பிரான்சுக்கு வந்தபோது வெர்னன் தளபாடங்களை அங்கே விட்டுவிட்டுக் காரைக் கப்பலில் ஏற்றியிருந்தார். லா கூர்னெவில் ஒரு பண்டகசாலைக்குப் பக்கத்து அறையில் அது போர்வைக்குள் கிடந்தது. ஜூன் மாதம் நோர்மண்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், தெருவை மறித்து, பழைய கார்களை மேட்டில் ஏற்றிப் பார்க்கும் விழா. வெர்னனின் காரையும் கூப்பிட்டிருந்தார்கள். அவர் பெர்மி கேட்டு ஒற்றைக்காலில் நின்றது அதற்காகத்தான். உரிமம் இல்லாதவரை விழாக்காரர்கள் ஸ்டியரிங்கில் இருக்க விடமாட்டார்கள். ஏப்ரல் மாதப் பரீட்சையில் அவர் பரிசோதகரையும் வைத்துக்கொண்டு ஒரு நிறுத்தப் பலகையைத் தாண்டினார். அடுத்த பரீட்சைக்கு இடம் கிடைக்க இலையுதிர்காலம் ஆகும் என்றார்கள். எண்பத்துநான்கு வயதில் அடுத்த வருடம் பார்க்கலாம் என்று யார் சொல்வது?

அந்த ஞாயிறு வெர்னன் பேர்ளியை லா கூர்னெவுக்குக் கூட்டிப்போய்ப் போர்வையை இழுத்தார். பேர்ளி முதலில் பார்த்தது ஸ்டியரிங்கை. அது வலப்பக்கம் இருந்தது. அந்தக் காலத் திடல்களில் வலப்பக்க வளைவுகளே அதிகம், ஓட்டுபவரின் பாரம் வளைவின் உட்பக்கம் இருக்கட்டும் என்று அப்படிச் செய்ததாக வெர்னன் விளக்கினார். விழாவுக்குச் சாரதி தேடி அவர் கேட்ட பிரெஞ்சுக்காரர் எல்லாரும் அதில் ஏறிப் பார்த்துவிட்டு, வலப்பக்கம் இருந்து ஓடிப் பழக்கமில்லை என்று இறங்கிவிட்டார்களாம். பேர்ளி ஏறி இருந்தார். கியர்த் தடி அவருடைய இடக்கைக்கு வந்து சேர்ந்தது. மாணவர் தடுமாறும்போதெல்லாம் எட்டிப் பிடித்த கைதான் அது. இடப்பக்கம் இன்னொரு மெல்லிய தகட்டு இருக்கை இருந்தது. விளையாட்டுக் கார் என்றால் இரண்டு பேருக்கு இடம் வேண்டும் என்ற விதிக்காக ஒப்புக்குச் செய்தது, அதில் ஒருவரும் இருந்ததில்லை. இந்த முறை தான் அதில் இருப்பதாகவும், பேர்ளி ஓட்ட வேண்டும் என்றும் வெர்னன் கேட்டார்.

வீட்டில் கணவர் கிறிஸ்தோப்பர் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டார்.

“உமக்கு விசரே? கிழவன்ரை தகரத்துக்குள்ளை ஏறி ஆருக்கு என்ன காட்டப் போறீர்?”

“ஒருத்தருக்கும் காட்ட இல்லையப்பா. எனக்கு ஒருக்கா காஸ் பெடலை அழுத்திப் பாக்கவேணும். இவ்வளவு காலமும் பிரேக்தானே மிதிச்சனான்.”

கிறிஸ்தோப்பர் தள்ளி வைத்த கோப்பையைத் திரும்ப இழுத்துக்கொண்டார். மனைவி இப்படி ஒன்றைக் கேட்டு அவர் கண்டதில்லை. விழாவன்று விடியவே எழும்பி, தான் சமைக்கும் உணவகத்துக்கு வரமுடியாது என்று அறிவித்துவிட்டு, அவரும் கூடவே வந்தார். வழி முழுக்க முகத்தைத் தூக்கி வைத்திருந்தது வேறு கதை.

மேட்டடியில் கார்கள் வரிசையில் நின்றன. விழாவை நடத்திய லூடோவிக் என்ற மீசைக்காரர் விதியைச் சொன்னார். காலையில் இரண்டு பயிற்சி ஓட்டம். மூன்று நிமிடத்துக்குள் உச்சிக்குப் போகும் கார்களுக்குத்தான் மாலையில் சனம் பார்க்கும் ஓட்டத்தில் இடம். அதைவிட மெதுவானவை பின்னால் வருபவர்களுக்கு இடைஞ்சல். வெர்னன் அதைக் கேட்டுச் சிரித்தார். தன் கார் பாதி நேரத்தில் போகும் என்றார்.

போகவில்லை. முதல் ஓட்டத்தில் நான்கரை நிமிடம் எடுத்தது. ஒவ்வொரு வளைவும் கண்ணில் படுமுன்பே பேர்ளியின் கால் பிரேக்குக்குப் போய்விட்டது. நேர்த் தெருவிலும் போனது. பின்னால் வந்த கார் ஊதி ஊதிக் களைத்தது. உச்சியில் நின்ற பையன்கள் சிரித்தது அவருக்குக் கேட்டது. லூடோவிக் மரியாதையாகத்தான் வந்து சொன்னார், இரண்டாவதும் இப்படியென்றால் காரை இழுவைவண்டியில் ஏற்றிவிடலாம் என்று. வெர்னன், மேடு ஏறியதே போதும், தனக்கு நிறைந்துவிட்டது என்றார். அந்த ஆறுதல்தான் பேர்ளிக்குத் தாங்கவில்லை. கிழவர் பொய் சொல்லப் பழகாதவர், முகம் காட்டிக் கொடுத்தது.

பேர்ளி தன் மேலேயே கோபமாகக் காருக்குள் குந்தியிருந்தார். கால் ஏன் இப்படிச் செய்கிறது என்று யோசிக்க யோசிக்கப் பிடிபட்டது. தான் வலப்பக்கம். இடப்பக்கம் ஓர் ஆள், அதுவும் நிறுத்தப் பலகை தாண்டுகிற ஆள். ஓடுவது அவர், தான் காப்பாற்ற வந்தவள் என்று கால் நம்பிக்கொண்டிருக்கிறது. அதை வெர்னனிடம் சொன்னார்.  வெர்னன் தலைக்கவசத்தின் பட்டியை அவிழ்த்தார்.

“அப்படியென்றால் நான் இறங்கி நிற்கிறேன். நீங்கள் தனியே போங்கள். கால் உங்கள் சொல் கேட்கும். கார் மாலையில் ஓடட்டும், நான் கீழே நின்று பார்க்கிறேன்.”

நல்ல யோசனைதான். தனியே போனால் நிச்சயம் முடியும் என்று பேர்ளிக்கும் தெரிந்தது. ஆனால் அந்தக் கிழவரைத் தெருவோரத்தில் விட்டுவிட்டு அவர் காரில் பறப்பதற்கு மனம் ஒப்பவில்லை. பட்டியைக் கட்டச் சொன்னார். மாணவர் பக்கத்தில் இருக்கும்போதே தான் வேகம் கேட்ட இடம் ஏதாவது உண்டா என்று தேடினார். ஒன்று இருந்தது. போர்த் து லா சப்பலில் பெரிபெரிக் நெடுஞ்சாலைக்குள் ஏறும் குறுகிய பாதை. அங்கே பயந்து மெதுவாக்கினால் பின்னால் வரும் லொறி ஏறிவிடும். அங்கே மட்டும் எந்த மாணவரையும் அவர் பிரேக்கைத் தொட விட்டதில்லை. தொண்டை கிழியக் கத்தித் துரத்துவார். சரி, இந்த மேட்டில் எல்லா வளைவும் அந்தப் பாதைதான் என்று வைத்துக்கொண்டார்.

கொடி விழுந்தது. முதல் வளைவு வந்தது, பாதம் காஸிலிருந்து எழும்பியது.

“அழுத்துங்கோ. பிரேக்கிலை கால் போகக்கூடாது. பாக்காதேங்கோ, அழுத்துங்கோ.”

தமிழில், பள்ளியில் கத்துவதுபோலவே கத்தினார். வெர்னனுக்கு ஒரு சொல் விளங்காது, விளங்கத் தேவையுமில்லை. காலுக்கு விளங்கியது. பாதம் கீழே போனது, பின்சக்கரம் ஒருமுறை வழுக்கிப் பிடித்தது, கார் வளைவை விட்டுப் பாய்ந்து வெளியே வந்தது. அடுத்த வளைவுக்கு இன்னும் உரக்க ஏசினார். எத்தனையோ பேரை ஏசிப் பழக்கிய அந்த வாய், அன்றைக்கு முதல்தடவை தன் சொந்தக் காலை ஏசியது. கால் நல்ல மாணவியாக இருந்தது. இடக்கை கியரைத் தானே மாற்றிக்கொண்டது. வைக்கோல் கட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே மஞ்சள் மதிலாக ஓடின. பிரேக் அதன் இடத்தில் இருந்தது, தேவைப்பட்ட இரண்டொரு இடத்தில் தொட்டுவிட்டு விட்டார். கடைசி நேர்த் தெருவில் ஏச எதுவும் இருக்கவில்லை. அப்போதும் கத்தினார், சந்தோசத்தில்.

உச்சியில் இயந்திரத்தை நிறுத்தினார். ஒலிபெருக்கியில் லூடோவிக் நேரத்தை வாசித்தார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. முதலில் சிரித்த பையன்கள் வேலிக்கு மேலால் எட்டிக் கைதட்டினார்கள். தான் கேட்டது சரிதானா என்று பேர்ளி வெர்னனைப் பார்த்தார். கிழவர் கவசத்தைக் கழற்றாமலே அழுதுகொண்டிருந்தார். அடி ஏதும் பட்டுவிட்டதோ என்று பேர்ளி பதறிப்போனார்.

அடியில்லை. இந்தக் காரைச் செய்த நாள்தொட்டு ஓடியது தான்தான், ஓடும்போது தெருவைத் தவிர வேறெதையும் பார்க்க முடியாது, தான் செய்தது எப்படிப் போகிறது என்று இன்றைக்குத்தான் பார்த்ததாகச் சொன்னார். இவ்வளவு நல்ல காரென்று தனக்கே தெரியாதாம்.  பேர்ளி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு தானும் கொஞ்சம் அழுதார்.

சட்டைப்பையில் தொலைபேசி அடித்தது. மேட்டடியிலிருந்து கிறிஸ்தோப்பர். ஒலிபெருக்கி சொன்னது பாதி விளங்கி, பாதி விளங்காமல் மனுசன் குழம்பிப்போயிருந்தார். ஏதும் நடந்துவிட்டதா, தான் மேலே நடந்து வந்து கூட்டிக்கொண்டு இறங்கவா என்று ஒரே மூச்சில் கேட்டார்.

“வேண்டாமப்பா. பின்னேரம் இன்னொருக்கா ஏறப்போறன். சனம் வரமுந்தி நல்ல இடமாப் பாத்துப் பிடிச்சு நில்லுங்கோ, நான் கெதியாப் போயிடுவன்.”