இடப்பக்கம் கைப்பிடி இல்லாத எஞ்சின்

எங்கள் அண்ணன் தாராபுரத்தில், அமராவதியில் வெள்ளம் வந்த ஓர் ஐப்பசி மாதம், செவ்வாய்க்கிழமை பிறந்தார். நாள் கிழமை குறித்துவைப்பது என் பழக்கம் என்பது உறவினர் அறிந்ததே. அப்பா தவறியபோது அண்ணனுக்குப் பதினாறு வயது. பள்ளியை விட்டு, பெரியநாயக்கன்பாளையத்தில் மோட்டாருக்குச் செம்புக் கம்பியால் காயில் கட்டும் பட்டறையில் சேர்ந்து, என்னைக் கல்லூரி வரை படிக்கவைத்தார்.

ஓய்வுக்குப் பின் ரயில், பேருந்துகளின் சிறு மாதிரிகளைத் தகரத்தில் செய்துவந்தார். கடைசியாகச் செய்தது மேட்டுப்பாளையம் மலை ரயில் எஞ்சின். ஒரு முழ நீளம். அதில் கைப்பிடி, குழாய், விளக்குக் கொக்கி எல்லாம் கம்பியால் ஆனவை. விலை கொடுத்துப் பித்தளைக் கம்பி வாங்கமாட்டார். எரிந்துபோன மோட்டாரிலிருந்து பிரித்த செம்புக் கம்பியே போதும் என்பார். அதை அடுப்பில் காட்டினால் இளகி, குழாய்க்கு வேண்டியபடி வளையும். ஒரு முனையை வைஸில் இறுக்கி மறுமுனையைக் குறடால் இழுத்தால் விறைத்து நேராக நிற்கும், அது கைப்பிடிக்கு. இரண்டையும் தனித்தனி டப்பாக்களில் வைத்திருந்தார். மேலே எதுவும் எழுதவில்லை.

அவர் டயாலிசிஸுக்குப் போயிருந்த ஒரு வியாழக்கிழமை, நான் அந்த டப்பாக்களைக் கவிழ்த்து, கம்பிகளைத் தடிமன் வாரியாகப் பிரித்துச் சீட்டு ஒட்டினேன். உதவி என்றுதான் நினைத்தேன். வந்து பார்த்தவர் ஒரு டப்பாவை எடுத்துச் சீட்டைப் படித்தார்.

"கையெழுத்து நல்லா இருக்குது கண்ணு. தேதி வேற போட்டிருக்கற."

"உங்க தம்பி சாம்பார்ப் பொடி டப்பாவுக்கே தேதி போடறவருங்க" என்று அண்ணி சிரித்தார்.

மறுவாரம் அண்ணன் கம்பிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து ஒதுக்கிக்கொண்டிருந்தார். என்னவென்று கேட்டேன்.

"அடுப்புல காட்டுனதும் இழுத்ததும் ஒரே தடிமன். வளைச்சுப் பாத்தாத்தான் தெரியும். வளைச்சுப்போட்டா அப்புறம் நேரா நிக்காது."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமுங்கண்ணா."

"சொன்னா நீ சோறு திங்கமாட்டே."

மறுபடி முதலிலிருந்து கம்பி இழுத்தார். ஊசி போட்ட கையில் வலி இருந்ததால் ஒரு நாளைக்கு ஒரு கம்பிதான் ஆயிற்று. வலப்பக்கக் கைப்பிடி முடிந்தது. இடப்பக்கத்துக்கு அவருக்கு நாள் இல்லாமல் போயிற்று.

காரியத்தன்று வெளியிட்ட நினைவு மலரில், கை நடுக்கத்தால் அண்ணனால் எஞ்சினை முடிக்க இயலவில்லை என்று எழுதினேன். துக்கத்தில் தவறி எழுதியதல்ல, யோசித்தே எழுதினேன். அண்ணி கண்ணாடி போட்டு அதைப் படித்துவிட்டு என்னிடம் வந்தார்.

"அவருக்குக் கை நடுங்குனதே இல்லீங்களே தம்பி. ஏனுங்க இப்பிடிப் போட்டிருக்குது?"

"அச்சுப் பிழைங்க அண்ணி" என்றேன். அவர் நம்பினார். அல்லது, அண்ணனைப் போலவே, என்னை விட்டுவிட்டார். ஓராண்டாக அவர் கையால் சாப்பிட்டுக்கொண்டு நான் அதைத் திருத்தவில்லை.

அச்சகத்தார் மேல் குற்றமில்லை. அந்த மலரை வைத்திருப்பவர்கள் அவ்வரியை அடித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். கடைசி வாரம் வரை அண்ணனுக்குக் கை நடுங்கவில்லை.

மருத்துவமனைக்குத் தம் காரிலேயே அழைத்துச்சென்ற பக்கத்து வீட்டார், எரிந்த மோட்டார்களை அவருக்கென்று எடுத்துவைத்த பட்டறை நண்பர்கள், ஒரு நாளும் முகம் சுளிக்காத அண்ணி ஆகியோருக்கு எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

திதிக்கு வருகிறவர்கள் கூடத்தில் அந்த எஞ்சினைப் பார்ப்பீர்கள். இடப்பக்கம் ஏன் மொட்டையாக இருக்கிறது என்று அண்ணியைக் கேட்க வேண்டாம். என்னைக் கேளுங்கள். எத்தனை பேர் கேட்டாலும் சொல்கிறேன்.