முடியாது என்று யாரும் சொல்லவில்லை

ஊரார் பேச்சை ஒட்டுக்கேட்பதற்கும் சம்பளம் கொடுப்பார்கள். அந்தத் தொழிலுக்கு மொழியியல் கள ஆய்வு என்று பெயர். எழுத்து, சொல், வாக்கியம் என்று இலக்கணக்காரர்கள் நிறுத்திக்கொண்ட இடத்தில் எங்கள் வேலை ஆரம்பிக்கும். ஒருவர் பேசி முடித்ததும் அடுத்தவர் எப்படிப் பிடித்துக்கொள்கிறார், உதவி கேட்க வந்தவர் எங்கெங்கே சுற்றி விஷயத்துக்கு வருகிறார், இல்லை என்பதை வாய்விட்டுச் சொல்லாமல் எப்படிச் சொல்கிறார்கள் என்பதையெல்லாம் டேப்பில் பிடித்து, வரிவரியாக எழுதி, ஆராய வேண்டும்.

எழுபதுகளின் கடைசியில் புதுச்சேரியில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் இந்த வேலை பார்த்தேன். தற்காலிகமாக. அந்தச் சொல்லை நெற்றியில் ஒட்டிக்கொண்டு காலம் தள்ளியவர்களுக்கு மேற்கொண்டு விளக்கவேண்டியதில்லை. "இந்த சர்வே முடியட்டும்பா, உன்னை நிரந்தரமாக்கிடலாம்" என்று எங்கள் புரொபசர் சொல்லியிருந்தார். அதை நம்பி வில்லியனூரில் வீடு பிடித்தேன், கல்யாணமும் செய்துகொண்டேன். மாமனார் பாகூரிலிருந்து வரும்போதெல்லாம் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கேட்பார்: "ஆர்டர் வந்துடுச்சா மாப்ளே?"

செந்தமிழ் மளிகை

இயல்பான பேச்சு வேண்டும் என்பது புரொபசரின் கட்டளை. டேப் ரிக்கார்டரை வைத்துவிட்டு இயல்பாகப் பேசுங்கள் என்றால் எவன் பேசுவான்? வில்லியனூர் கடைத்தெருவில் ஒரு மளிகைக்கடை முதலாளியைக் கெஞ்சிக் கூத்தாடி, அவருடைய கல்லாப்பெட்டி பக்கத்தில் அதை வைத்தேன். வியாபாரத்தில் வாய்ச்சண்டை எப்படித் தொடங்கி எப்படி முடிகிறது என்று பார்ப்பதாகத் திட்டம். முதலாளியோ வாயைத் திறந்தால் வசவைத் தவிர வேறு வராத மனிதர்.

ரிக்கார்டரில் சிவப்பு விளக்கு எரிந்ததும் அவர் வானொலி நிலையமாகிவிட்டார். "வாருங்கள் அம்மா, தங்களுக்கு என்ன வேண்டும்?" என்றார். வந்தவர்கள் மிரண்டுபோய், நான் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசிலிருந்து சோதனைக்கு வந்தவன் என்று முடிவு கட்டிவிட்டார்கள். காலையிலிருந்து மதியம்வரை ஒரு சண்டை இல்லை, ஒரு வசவு இல்லை. ஒரு கேசட் முழுக்க மரியாதை! வெறுத்துப்போய் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது, புளி வாங்கிய அம்மாள் என் பக்கம் குனிந்து சொன்னார்: "நாளைக்கும் இந்தப் பொட்டிய கொண்டாந்து வையி சார், இன்னிக்கிதான் எடை சரியா போட்டிருக்கான்."

அண்டா

அதற்குப் பிறகு நிலையத்தில் வேறு வழி சொன்னார்கள். டேப் வேண்டாம், ஒரு நிலைமையைச் சொல்லி "நீங்களாக இருந்தால் எப்படிப் பேசுவீர்கள்?" என்று கேட்டு வரவேண்டும். நான் இதைக் கேட்கப் போன சமயத்தில் எனக்கே ஒரு நிலைமை இருந்தது. முதல் வருஷம் நான் அலைந்து பிடித்த கேசட்டுகளை "வீட்ல வெச்சு நிதானமா கேக்கறேன்" என்று புரொபசர் வாங்கிப்போனவர் திருப்பித் தரவில்லை. அவற்றை வைத்து எழுதிய ஒரு கட்டுரை மட்டும் அவர் பெயரில், அவர் பெயரில் மட்டும், அச்சாகி வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. நிரந்தரம் ஆகவேண்டுமே!

நல்லவாடு குப்பத்தில் மீன் விற்றுவிட்டுக் கூடையைக் கழுவிக்கொண்டிருந்த செல்லியம்மாவிடம் போய், "உங்க அண்டாவைப் பக்கத்து வீட்டுக்காரங்க விசேஷத்துக்கு வாங்கிட்டுப் போய்த் திருப்பித் தரலைன்னு வெச்சிக்குங்க, எப்படிக் கேப்பீங்க?" என்றேன். அந்தம்மா கையைத் துடைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். பதிலுக்குப் பென்சிலோடு காத்துக்கொண்டிருந்த என் முகத்தில் என்ன தெரிந்ததோ, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "இன்னா சார், ஒங்கிட்ட யாரோ எதையோ வாங்கிம்போயி ஏமாத்திட்டாங்களா? ஆளக் காட்டு, நான் வந்து கேக்கறேன்."

மோர்

டேப் ரிக்கார்டரை ஓடவிடாமல் சும்மா வைத்துவிட்டு வந்தால், சில நாளில் மனிதர்கள் அதை மறந்துவிடுவார்கள், அப்புறம் ஓடவிடலாம். இந்த உபாயம் எனக்குத் தெரியவே ஒரு வருஷத்துக்குமேல் ஆயிற்று. அபிஷேகப்பாக்கத்தில் ஒரு நிலக்காரர் வீட்டுக் கூடத்தில் அப்படி வைத்தேன். அவரிடம் ஏதாவது கேட்டு வராத ஆள் கிடையாது. அவரும் ஒருவரிடமும் முடியாது என்று சொன்னது கிடையாது. எல்லாப் பேச்சையும் எழுதிப் பார்த்தபோது வரிசை பளிச்சென்று தெரிந்தது. இல்லை என்பதற்கு முதலில் குடும்ப நலம் விசாரிப்பார். அடுத்து, இங்கே இல்லாத யார் தலையிலாவது பழியைப் போடுவார். கடைசியில் குடிக்க ஏதாவது கொடுக்கச் சொல்வார். கொடுப்பதாக இருந்தால் இது ஒன்றுமே நடக்காது, "எடுத்துக்கோ போ" என்று முடிந்துவிடும். என் ஆய்வறிக்கையின் மூன்றாவது அத்தியாயம் இதுதான். எழுதிய அன்று எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

ஒருநாள் கலியபெருமாள் வந்தார். அந்த வீட்டு நிலத்தில் காலமெல்லாம் உழைத்தவர். மழையில் குடிசை உட்கார்ந்துவிட்டது, மேட்டுத் திடலில் ஒரு மூலை கொடுத்தால் கீற்றுப் போட்டுக்கொள்வேன் என்றார். "பொண்டாட்டிக்கு ஒடம்பு தேவலையா?" என்றார் நிலக்காரர். பிறகு, தன் தம்பிக்காரன் பாகப்பிரிவினைக்கு நிற்கிறான் என்றார். பிறகு உள்ளே பார்த்து, "யாரு அங்க, கலியபெருமாளுக்கு மோர் குடு" என்றார். கலியபெருமாள் மோரைக் குடித்துவிட்டு, கும்பிட்டுவிட்டு எழுந்துவிட்டார்.

நான் வாசல்வரை பின்னாலேயே போனேன். மனிதர் வீடில்லாமல் நிற்கிறார். நான் என் அத்தியாயத்துக்குச் சாட்சி தேடுகிறேன். அப்படிப்பட்ட தொழில். "அவர் இல்லேன்னு சொல்லவே இல்லியே, ஏன் எழுந்து வந்துட்டீங்க?" என்று கேட்டேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்: "வரும்போதே தெரியும் சார், ஆனா கேக்காம திரும்பிப் போனா எம் பொண்டாட்டி வுடமாட்டா."

சுகம் விசாரித்தார்

சர்வே முடிந்தது. அறிக்கையையும் கொடுத்தாயிற்று. மாமனார் அடுத்த வாரம் வருவதாகத் தகவல் வந்ததும், துணிந்து புரொபசர் அறைக்குள் போய் ஆர்டர் விஷயத்தைக் கேட்டேன். அன்று அவர் என்னை நடத்திய விதம் இருக்கிறதே, முதல்முறையாக உட்காரச் சொன்னார். "அம்மா எப்படி இருக்காங்க? கண் ஆப்ரேஷன்னு சொன்னியே?" என்று கேட்டார். எனக்கு மனம் நெகிழ்ந்துவிட்டது, ஆஸ்பத்திரியில் சேர்த்த நாளிலிருந்து எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னேன். டில்லியில் ஒரு அதிகாரிதான் பைலைக் கிடப்பில் போட்டிருக்கிறான் என்று அவனைத் திட்டினார். நானும் சேர்ந்து திட்டினேன். டீ வரவழைத்தார்.

சந்தோஷம் தாங்காமல் நேரே டைப்பிஸ்ட் சவரிமுத்துவிடம் போனேன். என்னைவிட வயதில் மூத்தவர், என் அறிக்கை முழுவதையும் டைப் அடித்தவர். "புரொபசர் இன்னிக்கி எவ்வளவு தன்மையாப் பேசினார் தெரியுமா!" என்று ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். அவர் மிஷினிலிருந்து கையை எடுத்தார். ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை. மெதுவாகக் கேட்டார்: "டீயை முழுசா குடிச்சிட்டீங்களா சார்?"

நம்ம ஜனங்க வழக்கம்

ஆர்டர் அடுத்த வாரமே வந்தது, வேறொருவர் பெயருக்கு. அபிஷேகப்பாக்கம் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாத ஆள். அன்று நான் போய் நின்றபோது சவரிமுத்து டைப் அடித்துக்கொண்டிருந்தது அதைத்தான். பாவம், அவரும் எப்படிச் சொல்வார்?

வீட்டில் மாமனார் உட்கார்ந்திருந்தார். அவரிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் அந்தச் சூட்டோடு சைக்கிளைத் திருப்பி மறுபடி நிலையத்துக்குப் போனேன். கதவைத் தட்டவில்லை, உட்காரவில்லை. "வேலை உண்டா, இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க சார்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. புரொபசர் கண்ணாடியைக் கழற்றினார். கோபம்கூட வரவில்லை அவருக்கு, மனம் புண்பட்டவர் மாதிரி என்னைப் பார்த்துச் சொன்னார்: "இப்படி மூஞ்சிக்கு நேரா கேக்கறது நம்ம ஜனங்க வழக்கம் இல்லப்பா, நீதானே மூணாவது அத்தியாயத்துல எழுதியிருக்கே!"

பிறகு ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியனானேன். அங்கே எதைக் கேட்டாலும் எடுத்த எடுப்பில் "முடியாது, போய்யா" என்று எரிந்துவிழும் தலைமையாசிரியர் ஒருவர் இருந்தார், மற்றவர்கள் எல்லாரும் சபித்துக்கொண்டிருந்த அந்த மனிதரை நான் ஒருவன்தான் தினமும் காலையில் மனதாரக் கும்பிட்டேன்.