திறப்பு விழாவுக்குக் காத்திருந்த ரேடியோக்கள்

ஒரு புயலில் கொல்கத்தாவின் டாலிகஞ்சில் எங்கள் குடியிருப்பு பல நாட்கள் இருட்டில் கிடந்தது. கைபேசிகள் செத்தன, லிஃப்ட் நின்றது. ஊரில் என்ன நடக்கிறது என்பதைக் காக்கைகளிடம்தான் விசாரிக்க வேண்டியிருந்தது. தண்ணீர் வடிந்ததும் நிர்வாகக் குழு கூடி, வெளியே நின்று வேலை பார்க்கும் காவலாளிகளுக்கும் வயதானவர்கள் இருக்கும் வீடுகளுக்கும் சின்ன ரேடியோ வாங்கித் தருவதென்று தீர்மானம் போட்டது. நான் மத்திய அரசின் கொள்முதல் பிரிவில் தலை நரைத்தவன் என்பதால் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை என்னிடம் தந்தார்கள்.

சாந்தினி சந்தையின் மின்சாமான் கடைகளில் ஏறி இறங்கினேன். எனக்கு வேண்டியிருந்தது அலங்காரமில்லாத ஒரு பெட்டி. எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும் பேட்டரி, ஈரக் கையாலும் திருகக்கூடிய குமிழ், மழைச் சத்தத்துக்கு மேல் கேட்கும் ஒலிபெருக்கி, தூரத்து நிலையத்தையும் எடுக்கும் மீடியம் வேவ். இதையெல்லாம் எழுதிக் கொடுத்தேன்.

குழுவின் செயலாளர் வேறொன்றை மேஜையில் வைத்தார். சிவப்பாக இருந்தது. புளூடூத், பென் டிரைவ், பாட்டுக்கு ஏற்றபடி மின்னும் விளக்கு. பேட்டரி உள்ளேயே பொருத்தப்பட்டது. சார்ஜ் போட்டுக்கொள்ள வேண்டும்.

"கரண்ட் போனால் எதில் சார்ஜ் போடுவீர்கள்?" என்று கேட்டேன்.

"கரண்ட் போறதுக்கு முன்னாடி போட்டுக்கணும், தாதா," என்று வங்காள வழக்கப்படி என்னை அண்ணனாக்கிச் சொன்னார் செயலாளர். "நீங்க இன்னும் சர்க்கார் நாற்காலியிலயே உக்காந்திருக்கீங்க. பூஜைக்குக்கூட இதுல பாட்டுப் போடலாம், பாருங்க."

எல்லோரும் பார்த்தார்கள். விளக்கு மின்னியது. என் குறிப்பு ஒருமனதாகத் தோற்றது.

ரேடியோக்கள் வந்தும் கொடுக்கவில்லை. சமூகக்கூடத்து அலமாரியில் ரிப்பன் கட்டி அடுக்கிவைத்தார்கள். எங்கள் குடியிருப்பில் குப்பைத்தொட்டி வந்தால்கூட ஒரு சிறப்பு விருந்தினர் கையால்தான் திறக்க வேண்டும். விருந்தினருக்குத் தேதி கிடைக்கவில்லை.

"நாமளே ஒண்ணு வாங்கிடலாமேங்க," என்றாள் என் மனைவி.

"குழு தரப்போகிறதே. ஒரே பொருளை இரண்டு முறை வாங்குவது விதிக்குப் புறம்பு."

"ஆபீஸ் உங்களை விட்டுடுச்சு. நீங்கதான் அதை விடமாட்டேங்கறீங்க."

எங்களைவிட அந்த ரேடியோவுக்காகக் காத்திருந்தவர் வாசல் காவலாளி. சுந்தரவனப் பக்கத்துத் தீவு ஒன்றைச் சேர்ந்தவர். மனைவியும் மகளும் ஆற்றின் கரையணையை ஒட்டி ஒரு மண்வீட்டில் இருந்தார்கள். அந்தப் புயலில் கரை உடைந்து, அவர்கள் உயிரோடு இருப்பது தெரியாமலே இங்கே கேட்டைத் திறந்து மூடிக்கொண்டிருந்தவர். என்னைக் காணும்போதெல்லாம், "பெட்டி எப்ப பாபு தருவாங்க?" என்பார். விருந்தினருக்கு நேரம் கிடைக்கும்போது என்று சொல்ல எனக்கே நாக்கூசும்.

அடுத்த புயல் விருந்தினரை முந்திக்கொண்டது. விடிந்தபோது மின்சாரம் இல்லை, கைபேசியில் சிக்னல் இல்லை. காவலாளி மூன்று மாடி ஏறி வந்து வாசலில் நின்றார். உடையெல்லாம் நனைந்திருந்தது.

"கரை நிக்குதான்னு மட்டும் தெரிஞ்சா போதும், பாபு. ரேடியோவுல சொல்லுவாங்க."

அவரைக் கூட்டிக்கொண்டு செயலாளர் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"விழா நடக்காம எப்படி, தாதா? ரிப்பன் இருக்கே," என்றார்.

"நான் அவிழ்க்கிறேன். வேண்டுமானால் திரும்பக் கட்டியும் தருகிறேன்."

சாவியோடு வந்தார். ஒரு பெட்டியைப் பிரித்துப் பொத்தானை அழுத்தினோம். சத்தமே இல்லை. இன்னொன்று, அதற்கடுத்தது. வந்த நாளிலிருந்து யாரும் சார்ஜ் போடவில்லை. திறக்காத பெட்டிக்கு எப்படிப் போடுவது? காரில் போடலாமே என்றார் செயலாளர். கீழ்த்தளத்துக் கார்களில் சார்ஜ் போடும் துளையும் இருந்தது, ரேடியோவும் இருந்தது. இரண்டும் தண்ணீருக்கு அடியில்.

காவலாளி ஒரு பெட்டியைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தார். "ஒண்ணுமே பேசலையே, பாபு," என்றார். அதை மேஜைமேல் வைத்துவிட்டு, இடுப்பளவுத் தண்ணீரில் கேட்டைத் தாண்டிப் போனார். ரயில் ஓடாது என்று நான் கத்தியதற்கு அவர் திரும்பவில்லை.

மின்சாரம் வந்தது, விருந்தினரும் வந்தார். விழாவில் காவலாளிக்கான ரேடியோவைப் புதிய ஆள் ஒருவர் வாங்கிக்கொண்டு போட்டோவுக்குச் சிரித்தார்.

"பழையவர் எங்கே?" என்றேன் செயலாளரிடம்.

"லீவு சொல்லாம போயிட்டான். ஏஜென்சிக்கு ஒரு போன் போட்டேன், ஆள் மாத்திட்டாங்க."

விளக்கம் கேட்காமல் ஒருவரை விலக்கக் கூடாது என்று ஆரம்பித்தேன்.

"அதெல்லாம் சர்க்கார்ல, தாதா," என்றார். ரிப்பனை அவிழ்க்கப் பெரிய மனிதர் ஒருவரை வேண்டியவர், ஒரு மனிதனை அவிழ்த்துவிட ஒரே ஒரு போனோடு திருப்திப்பட்டார்.

சில நாட்கள் கழித்துத் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. பழைய காவலாளிதான்.

"கரை உடைஞ்சிடுச்சு, பாபு. வீடு இல்ல. அவங்க ரெண்டு பேரும் பள்ளிக்கூடத்து மாடியில இருக்காங்க, நல்லா இருக்காங்க." பிறகு கேட்டார்: "என் வேலை இருக்கா?"

"இல்லை. வேறு ஆள் வந்துவிட்டார்."

"சரி பாபு. மாஷிமாகிட்ட, பொண்ணு பத்திரமா இருக்கான்னு சொல்லிடுங்க."

நீங்களே சொல்லுங்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டு, அவர் மாஷிமா, அதாவது சின்னம்மா, என்று அழைக்கும் என் மனைவியிடம் போனை நீட்டினேன். அவள் கை துடைத்துக்கொண்டு வாங்குவதற்குள் இணைப்பு போய்விட்டது. திரும்பக் கூப்பிட்டபோது எடுத்தவர் வேறு யாரோ. போன் இரவல் வாங்கியவர் நிவாரண அரிசி வரிசைக்குப் போய்விட்டார் என்றார்.