வெறும் இருக்கைக்குப் போட்ட பெல்ட்

இது நடந்தது. சந்தேகமென்றால் ஏறாவூருக்குப் போய் மஜீட்டின் இடது காலைப் பாருங்கள். தூண்டில் முள்ளுக்குக்கூட அந்த வளைவு கிடையாது. பேய் இரவில்தான் வரும் என்று நிம்மதியாக இருப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். இது உச்சி வெயிலில் வந்தது.

2009, ஜூன். யுத்தம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. சுனாமிக்குப் பிறகு மட்டக்களப்பில் ஆட்களைவிட வெள்ளை ஜீப்கள் அதிகம். அவற்றில் ஒன்றை ஒரு வெளிநாட்டு உதவி நிறுவனத்துக்காக மஜீட் ஓட்டினான். அவன் ஓட்டினால் மடியில் வைத்த பிளேன்டீக் கோப்பையில் அலை எழாது. ஜீப்பின் அடியில் ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. வேகம், பிரேக், கதவு, பெல்ட், எந்த இருக்கையில் ஆள், ஜீப் எந்த இடத்தில் என்று எல்லாவற்றையும் அது பதியும். வெளியாளை ஏற்றினால் வேலையும் போகும், விபத்துக் காப்புறுதியும் போகும்.

பகல் 12.04. கல்குடாவில் சுனாமி வீட்டுத்திட்டத்துக்கு ஒரு தண்ணீர்ப் பம்பியை இறக்கிவிட்டுத் தனியே திரும்பினான்.

கீக்... கீக்... கீக்...

பின் இருக்கையில் ஆள் இருந்து பெல்ட் போடாவிட்டால் கத்துகிற சத்தம் அது. திரும்பிப் பார்த்தான். யாருமில்லை. ஜீப்பை நிறுத்தி இருக்கையைத் தட்டினான். சத்தம் நிற்கவில்லை.

12.11. வாகனப் பொறுப்பாளர் ஜெயரூபனுக்குப் போன் எடுத்தான். பத்து வருடக் கூட்டாளி. சுனாமியன்று இருவரும் சேர்ந்து பிரேதம் தூக்கியவர்கள். ஒரு பார்சல் சோற்றை இரண்டாகப் பிரித்துத் தின்றவர்கள்.

“வெறும் சீற்றுக்குப் பெல்ட்டக் கொழுவி விடு மச்சான்,” என்றான் ஜெயரூபன். “உன்ட மாமியெண்டு நினைச்சுக் கொழுவு. வாய் மூடும்.”

மஜீட் சிரித்துக்கொண்டே கொழுவினான். சத்தம் நின்றது. பெல்ட் மட்டும், யாருடைய வயிற்றிலோ பட்டதுபோல, கொஞ்சம் உப்பி நின்றது.

12.16. வாழைச்சேனைச் சோதனைச் சாவடி. சிப்பாய் உள்ளே எட்டிப் பார்த்துக் கொப்பியில் ‘2’ என்று எழுதினான். மஜீட் ஒரு விரலைக் காட்டினான். சிப்பாய் அவனைக் கவனிக்கவில்லை. பின் இருக்கையைப் பார்த்துச் சிரித்தான். சின்னப் பிள்ளைகளைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு...

12.30. கடல் உப்பின் வாசம். கண்ணாடிகள் எல்லாம் மூடியிருந்தன.

12.37. சொட்... சொட்...

பின் இருக்கை நனைந்திருந்தது.

12.41. தன்னாமுனை.

டிக்.

பெல்ட் கழன்றது.

திரும்பினான்...

ஜீப் மதகில் மோதியது.

காலில் மூன்று கம்பி வைத்தார்கள். இனி ஓட்ட முடியாது. நட்டஈடு வந்தால்தான் வீட்டில் உலை கொதிக்கும்.

விசாரணையில் பெட்டியின் பதிவை வாசித்தார்கள். வேகத்தில் பிழையில்லை. ஆனால் பின் இருக்கையில் ஒருவர் இருந்திருக்கிறார். மஜீட் கலங்கவில்லை. இருக்கை காலியாக இருந்தபோதே அலாரம் கத்தியது என்று ஜெயரூபன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன்தான் எதிரே இருந்தானே.

“நான் அப்பிடி ஒண்டும் சொல்லல்ல,” என்றான் ஜெயரூபன், மேசையைப் பார்த்துக்கொண்டு. “இவர் அடிக்கடி ஆள் ஏத்துறவர்.”

இவர். பத்து வருடத்தில் முதல் தடவையாக மரியாதை கொடுத்தான். அலாரத்தை ஏமாற்றச் சொன்னதை ஒப்புக்கொண்டால் அவனுடைய வேலை போய்விடும், அதுதான் விஷயம். மூன்று கம்பியையும்விட அந்த ஒரு சொல் மஜீட்டுக்கு ஆழமாக இறங்கியது.

நட்டஈடு இல்லையென்றார்கள். மஜீட் மேன்முறையீடு செய்தான்.

மூன்று வாரம் கழித்துக் கொழும்பிலிருந்து ஒரு நிபுணர் வந்தார். பெட்டி அதுவரை ஜெயரூபனின் மேசை லாச்சியில் பூட்டிக் கிடந்தது. ஜீப்பிலிருந்து கழற்றி, வயர்களெல்லாம் அறுத்த பெட்டி. நிபுணர் அதைக் கணினியில் செருகி, அச்செடுத்து, எல்லோர் முன்னாலும் வாசித்தார். பாதியில் நிறுத்தி, அதே வரியை மறுபடி வாசித்தார்.

விபத்துக்குப் பிறகும் ஒரு பயணம் பதிவாகியிருந்தது.

விசாரணை நடந்த அன்று. மாலை 4.15, மட்டக்களப்பு அலுவலக வாசல். வேகம் 40. 4.25, தன்னாமுனை. 4.36, ஏறாவூர்ப் பெற்றோல் செட், மூன்று நிமிடம்...

பின் இருக்கையில் ஒருவர்.

ஜெயரூபன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். அன்று, அந்த நேரம், அந்த வழியே மோட்டார் சைக்கிளில் தனியாக வீட்டுக்குப் போனவன் அவன். பெற்றோல் அடித்தவனும் அவன்.

“பெல்ட்டக் கொழுவச் சொன்னது நான்தான்,” என்றான், யாரும் கேட்காமலே.

நிபுணர் வாசிப்பதை நிறுத்தினார். நட்டஈடு கிடைத்தது. வாசலில் காத்து நின்று ஜெயரூபன் “மச்சான்...” என்றான். மஜீட் ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு நேரே நடந்தான்.

வீட்டுக்கு வந்து, தனக்குத் தந்த அச்சுப் பிரதியைப் புரட்டியபோதுதான், நிபுணர் வாசிக்காமல் விட்ட கடைசித் தாளைக் கண்டான்.

மாலை 4.52. சித்தாண்டி. காட்டிய இடம் ஜெயரூபனின் வீட்டு வாசல்.

பின் கதவு திறந்தது. இருக்கை காலி.

பிறகு பெட்டி எதையும் பதியவில்லை.

மஜீட் அந்தத் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான். ஜெயரூபன் இப்போதும் அதே வீட்டில்தான் இருக்கிறான்.

மஜீட் இன்றுவரை அவனுக்குச் சொல்லவில்லை.